என்னுடைய அந்த வீடு

ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பியுங்கள் என்கிறார் வெர்னே, அந்தப் பெண் குடிக்கவில்லை, தம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு நேராகப் பேச ஆரம்பிக்கிறாள், நல்ல குரல், நடுங்காத குரல், அவள் வயதில் இதே பாரிஸில் இதே போன்ற ஒரு மேஜைக்கு முன்னால் நான் நின்றபோது எனக்கு வாயில் வந்தது காரைக்கால் பிரெஞ்சு, அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து கொண்டுவந்து வீட்டில் எங்களை அதட்டப் பயன்படுத்திய பிரெஞ்சு. இன்றைக்கு நான் மேஜைக்கு இந்தப் பக்கம். டாக்டர் பட்ட ஆய்வேட்டுக்கு நாலு பேர் கொண்ட வாய்மொழிப் பரீட்சைக் குழு, நடுவில் தலைவர் வெர்னே, ஓரத்தில் நான், முன்னால் மடித்து வைத்த அட்டையில் பேராசிரியர் செலின் அருளானந்தம் என்று என் பெயர். எதிரே நிற்கிறவள் ஒரேலி பெரீன், மொரீஷியஸ்காரி, பஸ் டிரைவரின் மகள், அப்படித்தான் நன்றியுரையில் எழுதியிருக்கிறாள், மறைக்கத் தெரியாத பெண். மொரீஷியஸ் கிரியோலில் பெயர்த்தொடரின் அமைப்பும் மாற்றமும், முந்நூற்று எண்பது பக்கம், அதில் நூறு பக்கம் என்னைப் பற்றி. என்னைப் பற்றி என்றால் என் ஒலிப்பதிவுகளைப் பற்றி. நான் காப்பகத்தில் கொடுத்து வைத்தவை, யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று நானே கையெழுத்துப் போட்டவை, பதினோரு வருஷமாக யாரும் கேட்கவில்லை. இவள் கேட்டிருக்கிறாள். அறுபத்தோரு மணி நேரத்தையும் கேட்டிருக்கிறாள் என்பது தெரிந்த நாளிலிருந்து எனக்கு வலது விலாவுக்குக் கீழே ஒரு பிடிப்பு, டாக்டர் வாயு என்கிறார்.

திரையில் ஒரு சொல் வருகிறது. லகாஸ். வீடு. நானும் என் மாணவர்களுக்கு இந்தச் சொல்லில் இருந்துதான் ஆரம்பிப்பேன். பிரெஞ்சில் லா என்பது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் ஒரு துணுக்கு, காஸ் என்றால் குடிசை, லா காஸ். தோட்டத்து முதலாளி வாயில் இருந்து விழுந்ததை அடிமையாகப் பிடித்து வந்தவர்கள் காதால் மட்டும் கேட்டார்கள், எது துணுக்கு எது பெயர் என்று அவர்களுக்கு யார் சொல்லித்தர, அப்படியே சேர்த்து வாயில் போட்டுக்கொண்டார்கள், அப்படிப் பிறந்த மொழிதான் கிரியோல், லகாஸ். லா செத்துப்போய்ப் பெயருக்குள்ளேயே புதைந்துவிட்டது. அரிசி, து ரி, திரி ஆயிற்று, தண்ணீர், த லோ, திலோ ஆயிற்று. கொஞ்ச காலம் பெயர்கள் வெறுமனே நின்றன, தமிழில் நிற்கிற மாதிரி. பிறகு இன்னொரு லா வந்தது, இது வேறு லா, அங்கே என்று அர்த்தம், இது பெயருக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. லகாஸ் லா, அந்த வீடு, உனக்கும் எனக்கும் தெரிந்த அந்த வீடு. மோ லகாஸ் என்றால் என் வீடு. மோ லகாஸ் லா என்றால் என்னுடைய அந்த வீடு. இவ்வளவுதான், இதை வைத்துத்தான் ஒரு புத்தகம், ஒரு உத்தியோகம், இந்த அட்டை. ஒரேலி இதையெல்லாம் நிமிஷத்தில் தாண்டிவிட்டாள். பேராசிரியர் அருளானந்தத்தின் முக்கியமான கண்டுபிடிப்பு என்கிறாள், என்னைப் பார்த்து லேசாகத் தலை சாய்க்கிறாள், ஒரே பேச்சாளர், நாலு ஆண்டுகள், அதே சொல், ஆனால் அதைச் சுற்றி இருக்கும் இலக்கணம் கண் முன்னால் மாறுகிறது, முதல் ஆண்டு மோ லகாஸ், இரண்டாம் ஆண்டு மோ லகாஸ் லா, மூன்றாம் ஆண்டு வெறும் லகாஸ் லா, நாலாம் ஆண்டு எதுவும் ஒட்டாத லகாஸ். ஒரு மொழி இருநூறு வருஷத்தில் செய்வதை ஒரு பெண்மணி நாலு வருஷத்தில் செய்து காட்டினார் என்று புத்தகத்தில் எழுதியிருந்தேன். அழகான வாக்கியம். விமர்சனம் எழுதிய அத்தனை பேரும் அதை எடுத்துப் போட்டார்கள். பேச்சாளர் வி., பெண், எழுபத்தொரு வயது, தெற்கு மொரீஷியஸ்.

வள்ளியம்மா. என் மாமியார். மொரீஷியஸில் தமிழ்ப் பெயர்தான் மிச்சம், தமிழ் இல்லை, கோயிலில் தேவாரத்தைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவார்கள், வாசன் என்ற பெயரை வாசென் ஆக்கிவிட்டார்கள், அந்த வாசென்தான் என் புருஷன், விமான நிலையத்தில் சாமான் பிரிவில் வேலை, நல்ல மனுஷன், நல்ல மனுஷன் என்று நானாகச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாமனார் போன பிறகு மாமி சுயாக் ஊரில் கடலுக்குப் பக்கத்தில் தகரக் கூரை வீட்டில் தனியாக இருந்தார். மூன்று மாதம் எங்களோடு இருந்துவிட்டுப் போங்கள் என்று வாசென் டிக்கெட் அனுப்பினான். பாரிஸ் புறநகர் சார்செலில் நாலாவது மாடி, வாடகை வீடு, லிஃப்ட் பாதி நாள் ஓடாது, வந்த அன்றைக்கு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, இங்கே ஜனங்கள் துணியை எங்கே காயப்போடுவார்கள் என்று கேட்டார். அவரோடு நான் பேசியது கிரியோலில்தான், ஆனால் அவர் பேச்சு எனக்கு ஞாபகத்தில் தமிழாகத்தான் வருகிறது, சத்தியமாக, காரைக்கால் தமிழில். ‘என் வீட்ல பிலிம்பி மரம் காய்ச்சுக் கொட்டும் செலின், ஊறுகாய் போட்டு மாளாது.’ மோ லகாஸ். முதல் ஒலிப்பதிவு. சமையலறை மேஜையில் சர்க்கரை டப்பாவில் மைக்கைச் சாய்த்து வைத்திருந்தேன். எனக்கு அப்போது ஆய்வுக்கு ஆள் கிடைக்காமல் உதவித்தொகை முடிகிற நிலை, பாரிஸில் இருக்கிற மொரீஷியஸ்காரர்கள் மைக்கைப் பார்த்ததும் பிரெஞ்சுக்குத் தாவிவிடுவார்கள், மாமிக்குப் பிரெஞ்சே தெரியாது, சுத்தமான பேச்சு, சாமி அனுப்பிய மாதிரி வந்து என் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். ஒரே பேச்சாளரைப் பல ஆண்டு தொடர்ந்து பதிவு செய்தால் நீட்டித்துத் தருகிறோம் என்று துறையில் சொன்னார்கள். பல ஆண்டு. மாமி வந்தது மூன்று மாதத்துக்கு.

ஒரேலி பன்மைக்குப் போய்விட்டாள். பான் என்கிற சொல். பிரெஞ்சில் கூட்டம், கும்பல், அது தேய்ந்து தேய்ந்து பன்மை காட்டும் துணுக்கு ஆகிவிட்டது, பான் லகாஸ் என்றால் வீடுகள், அதோடு அந்த லா சேர்ந்தால் பான்லா, அவர்கள், அந்த ஆட்கள். கோப்பு இருபத்தேழில் இருந்து ஒரு வாக்கியம் என்கிறாள், எனக்கு எந்த வாக்கியம் என்று தெரியும், மாமி தன் தங்கையிடம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார், நான் மைக்கை அணைக்கவில்லை, இயல்பான பேச்சு கிடைக்கும் என்று. ‘அந்த ஆளுங்க என்கிட்ட ஒண்ணும் சொல்றதில்ல.’ பான்லா. நானும் வாசெனும். பக்கத்து அறையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டபோது எனக்குச் சந்தோஷம், சத்தியமாகச் சந்தோஷம், பான்லா என்பது குடும்பத்துக்குள் இருக்கிறவர்களுக்கே விலக்கம் காட்டப் பயன்படுகிறது என்று ஒரு அடிக்குறிப்பு எழுதினேன். விலக்கம். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது, நான் அடிக்குறிப்பை முடித்துவிட்டுத்தான் அணைத்தேன், அடிப்பிடித்துவிட்டது, மாமி அதையே போட்டுச் சாப்பிட்டார். என்ன நினைத்துச் சாப்பிட்டார். யாரிடமும் ஒன்றும் கேட்காதவர் இல்லை, என்னிடம் கேட்டார், என்னிடம் மட்டும்தான் கேட்டார், படித்த பெண் என்று.

அந்தக் காகிதம். அதை நினைக்கக் கூடாது, ஒரேலி வரைபடத்தைக் காட்டுகிறாள், நீலக் கோடு, சிவப்புக் கோடு, அதைப் பார். இரண்டாவது மாதம், ஞாயிற்றுக்கிழமை, வாசென் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான், பிரெஞ்சில் மூன்று பக்கம், கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி. மாமி பேனாவை எடுக்கவில்லை. மகனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். ‘இதுல என்ன எழுதியிருக்கு செலின்?’ வாசென் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். விற்க என்று எழுதியிருந்தது. சுயாக் ஊரில் உள்ள மேற்படி வீட்டையும் மனையையும் என் சார்பில் விற்க என் மகனுக்கு அதிகாரம் தருகிறேன். அதை விற்றால்தான் நாங்கள் அந்த வாடகை வீட்டில் இருந்து வெளியே போக முடியும், எனக்குத் தெரியும், முந்தின ராத்திரி வாசென் அழுதுகொண்டே சொன்னான், அம்மா தனியா அங்க கிடந்து செத்தா யாரு பாக்கிறது, நீயே சொல்லு. மேஜையில் நான் சொன்னேன். ‘நம்ம வீட்ட வாசென் பார்த்துக்கிறதுக்கு மாமி. தகரம் மாத்த, வரி கட்ட, எல்லாத்துக்கும் அங்க உங்க கையெழுத்து வேணும்ல.’ விற்க என்பதற்கு ஒக்கிப்பே என்று சொன்னேன், பார்த்துக்கொள்ள. நம்ம வீடு என்பதற்கு நு லகாஸ் என்று சொன்னேன். தமிழில் இருந்திருந்தால் என்னால் தப்பித்திருக்க முடியாது, நம்ம வீடா எங்க வீடா என்று வாய் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும், கேட்கிறவரை உள்ளே சேர்த்தா தள்ளியா, கிரியோலில் இரண்டுக்கும் ஒரே நு, அந்த நு-வுக்குள் மாமி இருந்தாரா இல்லையா என்று இலக்கணம் சொல்லாது. மொழிபெயர்ப்பில் பிழை என்று யாரும் சொல்ல முடியாது என்று எனக்கு அப்போதே தோன்றியது. அப்போதே. அவர் கையெழுத்துப் போட்டார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக, வி மேலே தொடங்கி. வாசென் என்னை நன்றியோடு பார்த்தான், அந்தப் பார்வையை அதற்கு முன்னும் பின்னும் நான் அவனிடம் கண்டதில்லை. அவனுக்காகச் செய்தேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். அவனுக்காக இல்லை. வீடு இருந்தால் மாமி மூன்று மாதத்தில் கிளம்பிவிடுவார். வீடு இல்லாவிட்டால் பல ஆண்டு.

பேராசிரியர் அருளானந்தம் இதை மொழி இயல்பாக மாறும் படிகள் என்கிறார், நான் அப்படிக் கருதவில்லை, என்று ஒரேலி சொல்வது காதில் விழுகிறது, வெர்னே புருவத்தைத் தூக்கி என்னைப் பார்க்கிறார், நான் புன்னகைக்கிறேன், முகத்தில் தசை எப்படி நகர்கிறது என்று எனக்குத் தெரிகிறது. லா என்பது கேட்கிறவருக்கும் தெரிந்த பொருளில்தான் வரும், அப்படியானால் இரண்டாம் ஆண்டில் பேச்சாளர் தன் வீட்டோடு லா-வைச் சேர்க்க ஆரம்பிப்பது ஏன் என்று கேட்கிறாள். ஏனென்றால் அந்த வீட்டைப் பற்றித் தனக்கு எதிரில் இருப்பவருக்கு ஏதோ தெரியும் என்று பேச்சாளர் நினைக்கிறார். ஒரேலி இதை மெதுவாக, பாடம் மாதிரி சொல்கிறாள். மோ லகாஸ் லா. உனக்குத் தெரிந்த என்னுடைய அந்த வீடு. லா-வைப் பற்றி நானும் அதையே எழுதினேன், பகிர்ந்த அறிவு என்று நாலாவது அத்தியாயத்துக்குத் தலைப்பே வைத்தேன், ஆனால் எதைப் பகிர்ந்தோம் என்று எழுதவில்லை. அந்த வருஷம்தான் மாமியின் தங்கை ஃபோனில் சொன்னாள், யாரோ வந்து சுவரை இடிக்கிறார்கள், பிலிம்பி மரத்தை வெட்டிவிட்டார்கள். மாமி கத்தவில்லை. ஃபோனை வைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். நாங்கள் அப்போது இந்தப் புது வீட்டுக்கு வந்துவிட்டோம், ஆளுக்கு ஒரு அறை, லிஃப்ட் ஓடும். ‘என்னோட அந்த வீட்ல யாரு இருக்கா செலின்?’ தெரியலையே மாமி, வாசென் வரட்டும் கேட்போம், என்றேன். ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசென் வந்தான், யாரும் கேட்கவில்லை.

இப்போது கோப்பு நாற்பத்தொன்று, முதல் ஆண்டின் கடைசி என்கிறாள், பொத்தானை அழுத்துகிறாள், கூடத்தில் குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் நிறைகிறது, எங்கள் சமையலறை உறுமல், பிறகு மாமி, இவ்வளவு பெரிய ஒலிபெருக்கியில் மாமி, கான் தோ பு அமென் ம்வா மோ லகாஸ், என்னை எப்ப என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவ, எச்சில் விழுங்குகிற சத்தம்கூட. அப்புறம் என் குரல், சின்ன வயதுக் குரல், கொஞ்சிக்கொண்டு, மமா, இன்னொரு தடவை, மைக்குக்குப் பக்கத்தில், கொஞ்சம் பலமாக. மாமி இன்னொரு தடவை சொல்கிறார். பலமாக. நான் மூன்றாவது தடவையும் கேட்கிறேன், பின்னால் கதவு சத்தம் வந்துவிட்டது என்று. மூன்றாவது தடவையும் சொல்கிறார். யாராவது இவ்வளவு பொறுமையாகக் கேட்டிருக்கிறார்களா எதையாவது. ஒரேலி நிறுத்துகிறாள். இந்த மாதிரி முப்பத்தோரு வாக்கியங்களையும் என் கணக்கில் சேர்க்கவில்லை, ஏனென்றால் இவை கேட்டு வாங்கிய வாக்கியங்கள், என்கிறாள், பிறகு குறிப்பைக் கவிழ்த்து வைக்கிறாள், தவிர, இதில் பேச்சாளர் எதையும் விவரிக்கவில்லை, ஒரு ஆளிடம் ஒன்றைக் கேட்கிறார். கூடத்தில் யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள். இவளுக்குத் தெரியும். எவ்வளவு தெரியும். மொரீஷியஸ் சின்ன ஊர், இவள் அப்பாவின் பஸ் சுயாக் வழியாகப் போகுமோ என்னவோ. எல்லாவற்றுக்கும் கடைசிப் பதிவு இவளுக்குக் கிடைத்திருக்காது, அதைக் காப்பகத்தில் கொடுக்கவில்லை, இருபத்திரண்டு நிமிஷம், நான் கேள்வி மேல் கேள்வி கேட்கிறேன், மாமி வாயைத் திறக்கவில்லை, குளிர்சாதனப் பெட்டி மட்டும் பேசுகிறது. பயன்படாது என்று எழுதி வைத்தேன். அடுத்து வந்த பிப்ரவரியில் மாமி ஆஸ்பத்திரியில் போனார். மின்மயானத்துத் தோட்டத்தில் சாம்பலைத் தூவினார்கள், தூவியது நாங்கள்கூட இல்லை, கையுறை போட்ட ஒரு ஆள், காற்று எதிர்ப்பக்கம் அடித்தது, வாசென் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றான், எனக்கு அடுத்த வாரம் புத்தகத்தின் மெய்ப்பு திருத்த வேண்டியிருந்தது.

மதாம் அருளானந்தம், உங்கள் முறை, என்கிறார் வெர்னே. என்னிடம் மூன்று கேள்விகள் எழுதி இருக்கின்றன, மூன்றும் கூர்மையானவை, ஒன்று இவளை விழத்தட்டும். வாயைத் திறப்பதற்குள் அவரே கையைத் தூக்கி, ஒரு நிமிஷம், நான் கிரியோல் அறியாதவன், அந்த அம்மா என்னதான் கேட்கிறார், பதிவு செய்தவர் நீங்கள், நீங்களே சொல்லுங்களேன், என்கிறார். நான் பிரெஞ்சில் சொல்கிறேன், வீட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்கிறார். அ லா மெஸோன். யார் வீடு என்று சொல்லத் தேவையில்லாத அருமையான தொடர். தமிழிலும் அப்படித்தான், வீட்டுக்குப் போகலாமா என்றால் போதும், என் வீட்டுக்கு என்று ஒருவர் அழுத்திச் சொன்னால் அவர் அந்நியர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். வெர்னே உருகிப்போய்த் தலையசைக்கிறார், அவருக்கும் ஒரு வயதான அம்மா இருப்பார் போல. ‘என் வீடு, மதாம்,’ என்கிறாள் ஒரேலி. ‘அதில் மோ இருக்கிறது.’ மரியாதையாகத்தான் சொல்கிறாள். ஆமாம், மோ இருக்கிறது, என்கிறேன். வெர்னே குறித்துக்கொள்கிறார். நான் என் கேள்வியைக் கேட்கிறேன், அந்தக் கூர்மையானதை, பதினெட்டாம் நூற்றாண்டு நீதிமன்றச் சாட்சியங்களில் பின்னால் வரும் லா ஏன் இவ்வளவு அரிது, அது வெறும் இடச்சுட்டு இல்லை என்று எப்படி நிரூபிப்பீர்கள். அவள் நிரூபிக்கிறாள். இரண்டு நிமிஷத்தில், ஆண்டு, பக்கம் எல்லாம் சொல்லி. நான் திருப்தி என்கிறேன், இரண்டாவது கேள்வியை மடித்து வைக்கிறேன், அவ்வளவுதான், முடிந்தது, விலாப் பிடிப்பு தளர்கிறது, தப்பித்தாயிற்று.

அப்போது அவள் கிரியோலுக்கு மாறுகிறாள். குரலைத் தாழ்த்தி, மேஜைக்குக் கொஞ்சம் குனிந்து, ‘மதாம், இது பரீட்சைக்காக இல்ல. அறுபது மணி நேரம் அவங்க கூட இருந்த மாதிரி ஆயிடுச்சு எனக்கு. அதான் கேக்கணும்னு. அவங்க திரும்பிப் போனாங்களா? அவங்க வீட்டுக்கு?’ அவள் முகத்தில் பொறி எதுவும் இல்லை, தேடுகிறேன், இல்லை, இவளுக்கு ஒன்றும் தெரியாது, இத்தனை நாள் நான் பயந்ததெல்லாம் வீண், இவள் வெறுமனே கேட்கிறாள், தூக்கம் கெட்டுப்போய்க் கேட்கிறாள். வெர்னேக்குப் புரியவில்லை, மற்ற இரண்டு பேருக்கும் புரியவில்லை, இந்தக் கூடத்தில் இந்த மொழி தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். இல்லை என்றால் ஒரே சொல். அதற்கு முன்னால் வர வேண்டியது எதுவும் இல்லை, பின்னால் வர வேண்டியதுதான் நிறைய. ‘வி,’ என்கிறேன், ‘லி தி ரெதூர்னே.’ ஆமாம், போய்விட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘கடைசி வரைக்கும் அங்கதான் இருந்தாங்க.’ ஒரேலியின் தோள் இறங்குகிறது, பேச்சு முழுக்க அவள் தோளைத் தூக்கி வைத்திருந்தது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது, கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், சிரிக்கிறாள், மெர்சி மதாம், மெர்சி. என்ன நடக்கிறது என்று வெர்னே கேட்கிறார். அவள் பிரெஞ்சில் சொல்கிறாள், பேச்சாளரின் பிற்கால வாழ்க்கை பற்றித் தகவல் இல்லை என்று ஒரு குறிப்பு போட்டிருந்தேன், பேராசிரியர் இப்போது அதை நிறைவு செய்துவிட்டார், அந்த அம்மா தன் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாராம். கூடத்தில் எல்லாரும் ஒரு மாதிரி மூச்சு விடுகிறார்கள், பின்வரிசையில் ஒருவர் கைகூடத் தட்டுகிறார். நல்லது, நூலகத்துக்குக் கொடுக்கும் திருத்திய பிரதியில் அதைச் சேர்த்துவிடுங்கள், ஆதாரமாகப் பேராசிரியர் பெயரையும் போடுங்கள், என்கிறார் வெர்னே. அவள் பேனாவை எடுக்கிறாள், பக்கத்தைத் தேடிப் புரட்டுகிறாள், கிடைத்துவிட்டது, ஓரத்தில் எழுதுகிறாள், சின்ன எழுத்தில், ஒரு தடவை நிமிர்ந்து, ‘மதாம், எனக்கு எப்பவும் குழப்பம், உங்க குடும்பப் பேர்ல ரெண்டு எல்-ஆ?’ என்கிறாள். ஒன்றுதான், என்கிறேன்.